இந்திக் காதலும் நம்ம வயசும்!
(ஒரு ரசிகனின் அலசல்)



இந்த ஆண்டு மலருக்கு அன்னையைப் பற்றி ஒருவர், அறிவியலைப் பற்றி ஒருவர், அரியரைப் பற்றி ஒருவர் என்று ஆளுக்கொரு தலைப்பை அள்ளிக்கொண்டார்கள். எனக்கு மிச்சம் கிடைத்தது காதல்! அதுவும் இந்திக் காதல்! முகம் சுளிக்காதீர்கள். இந்தித் திணிப்பு வேறு, இந்திப் படம் வேறு. ஹாஸ்டலில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஒரே செல்போனைச் சுற்றி ஆறு தலை தெரிகிறதே, அங்கே ஓடுவது தெர்மல் இன்ஜினியரிங் பாடமா என்ன?

படம் முடிந்ததும் பட்டிமன்றம் ஆரம்பம். "ஹீரோ பின்னிட்டான்டா!" "போடா, ஹீரோயின் இல்லேன்னா அவன் காலி!" இப்படி விடிய விடிய. அந்தச் சத்தத்தில் யாருக்கும் காதில் விழாத என் கட்சியை இங்கே நிதானமாகச் சொல்கிறேன். காதல் படத்தில் நல்ல நடிப்பு என்பது எது? அழுகையா? ஆவேசமா? இல்லை வேறு ஏதாவதா?

முதலில் அழுகை. 2025 ஜூலை 18-ல் வந்த 'சையாரா'வை யார் மறக்க முடியும்? 'ஆஷிக்கி 2' (2013) எடுத்த மோகித் சூரி இயக்கிய படம். புதுமுகம் அஹான் பாண்டே பாடகன். அனீத் பட்டா பாட்டெழுதும் பெண். அவளுக்குச் சின்ன வயசிலேயே அல்சைமர் என்கிற மறதி நோய். அவ்வளவுதான் கதை. உலகம் முழுக்க 500 கோடி ரூபாயைத் தாண்டிய வசூல் என்று செய்தி வந்தது. வடக்கே தியேட்டர்களில் பையன்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க ஒருவர் படம் பார்த்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது!

எல்லோரும் அஹானின் ஆவேசத்தைப் பேசினார்கள். என் ஓட்டு அனீத்துக்கு. இதுவரை தெரிந்த முகம் திடீரென்று அந்நியமாகிப் போகும்போது அவர் கண்ணில் ஒரு பயம் வருகிறது பாருங்கள், அதற்கு வசனமே தேவைப்படவில்லை. அவர் செய்வது கொஞ்சம்தான். மீதியை நாம் செய்துகொள்கிறோம்.

இதே மறதியை வேறு விதமாகக் காட்டிய படம் 'ராக்கி அவுர் ராணி கீ ப்ரேம் கஹானி' (2023). கரண் ஜோஹர் படம். 2025 நவம்பரில் மறைந்த தர்மேந்திரா அதில் நினைவு தப்பிய தாத்தா. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கிறார். பழைய காதலியாக வரும் ஷபானா ஆஸ்மியைக் கண்டதும் அந்த முகத்தில் விளக்கு எரிகிறது. ஒரு காலத்தில் கதாநாயகனாகக் கொடிகட்டிப் பறந்தவர், எண்பது வயசுக்கு மேல் கண்ணாலேயே காதல் செய்கிறார். அதே படத்தில் ரன்வீர் சிங்கையும் விட முடியாது. பெண்ணோட அப்பா கதக் ஆடுகிறவர். அதைப் பார்த்து நெளிகிற ராக்கி, பிறகு தானும் பழகி அவரோடு மேடையில் ஆடுகிறான். பெண்ணைத் துரத்தாமல் தன்னை மாற்றிக்கொள்ளும் ஹீரோ! நம்ம படங்களில் இந்த ரகம் எத்தனை, எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது ஆவேசம். இங்கேதான் நம்ம ஊர் தனுஷ் வருகிறார். ஆனந்த் எல். ராய் இயக்கிய 'ராஞ்ஜனா' (2013) அவருக்கு முதல் இந்திப் படம். ஏ.ஆர். ரஹ்மான் இசை. தமிழில் 'அம்பிகாபதி'யாக வந்தது. காசியில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பையன் குந்தன், ஜோயாவை (சோனம் கபூர்) சின்ன வயசிலிருந்து விடாமல் சுற்றுகிறான். அறை வாங்குகிறான். திரும்பத் திரும்பப் போய் நிற்கிறான். அவளைச் சம்மதிக்க வைக்க மணிக்கட்டையே அறுத்துக்கொள்கிறான். தனுஷ் அதை எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார் தெரியுமா? அந்தச் சிரிப்பில் தப்பு எது, காதல் எது என்றே நமக்குக் குழம்பிப் போகிறது. அதே கூட்டணி 2025 நவம்பரில் 'தேரே இஷ்க் மே' எடுத்தபோதும் இதே சண்டைதான். நடிப்பு பிரமாதம், பாத்திரம் சரியா?

"டேய், படத்தைப் படமா பாருடா" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பார்க்கலாம். ஆனால் எங்கள் செட்டில் ஒரு தோழி, ஒரு செமஸ்டர் முழுக்க, நேராக வரும் பஸ்ஸை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்தாள். ஸ்டாப்பில் ஒருத்தன் தினமும் நிற்கிறான். "வேண்டாம்" என்று அவள் மூன்று தடவை சொல்லியாயிற்று. அவன் கூட்டாளிகள் என்ன சொன்னார்கள்? "விடாதே மச்சி, கடைசியில ஓகே சொல்லிடுவா!" இந்த வசனத்தை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தது யார்? முதல் பீரியட் அட்டெண்டன்ஸ் போனது அவளுக்குத்தானே தவிர அவனுக்கு இல்லை.

நியாயமாகச் சொன்னால், 'ராஞ்ஜனா' அந்தப் பிடிவாதத்துக்கு விலை கேட்ட படம். குந்தனின் பொய்யும் பிடிவாதமும் பல வாழ்க்கையைக் கெடுக்கின்றன. கடைசியில் அவன் செத்துப் போகிறான். அந்தச் சாவுதான் படத்தின் கணக்கை நேர் செய்கிறது. ஆனால் 2025 ஆகஸ்ட் 1-ல் என்ன நடந்தது? செயற்கை நுண்ணறிவை வைத்து முடிவை மாற்றி, குந்தனைப் பிழைக்க வைத்து, 'அம்பிகாபதி'யை மறுபடி ரிலீஸ் செய்தார்கள்! இயக்குநரும் கண்டித்தார், தனுஷும் கண்டித்தார். படம் கம்பெனியுடையது, அது மாற்றிக்கொண்டது.

நாம் மெஷினோடு பழகுகிறவர்கள். அளவு பார்த்து பாஸான ஜாபை, செய்தவனைக் கேட்காமல் மறுபடி லேத்தில் மாட்டுவோமா? உயிர் போகும் அந்தக் காட்சிக்காகத்தான் படம் முழுக்க தனுஷ் உழைத்திருக்கிறார். அதை அழித்துவிட்டால் மிச்சம் என்ன? விடாமல் துரத்தினவன் சுகமாக எழுந்து உட்காருகிறான். பஸ் ஸ்டாப் மச்சிகளுக்கு அதுதானே வேண்டும்!

அதே ஆகஸ்ட் 1-ல்தான் 'தடக் 2' வெளியானது. நம்ம மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) இந்தி பேசிய படம். ஷாஜியா இக்பால் இயக்கினார். ஒரே நாளில் இந்தியிலிருந்து ஒரு காதல் இங்கே வெட்டி ஒட்டப்பட்டு வந்தது, இங்கிருந்து ஒரு காதல் அங்கே போனது!

'தடக் 2'-ல் குறை இல்லாமல் இல்லை. சித்தாந்த் சதுர்வேதியின் முகத்தைக் கருப்பாக்கிய மேக்கப் எனக்குப் பிடிக்கவில்லை. கதிர் தந்த மண்வாசனையும் அதில் கிடையாது. ஆனாலும் பெண் வீட்டுக் கல்யாணத்தில் சாதியின் பெயரால் அடிபட்டு, அசிங்கப்பட்டுத் திரும்பியவன், அதை அவளிடமே சொல்ல முடியாமல் வாயடைத்து நிற்கிறானே, அங்கே சித்தாந்த் நடிகர். அவன் ஒரு நாளும் அவளைத் துரத்தவில்லை, மிரட்டவில்லை. த்ரிப்தி திம்ரியின் பாத்திரத்துக்கும், தமிழில் ஆனந்திக்குக் கிடைத்ததைவிடக் கேள்வி கேட்க அதிக இடம் இருக்கிறது. வசூலில் இந்தப் படம் 'சையாரா' பக்கத்தில்கூட வரவில்லை. அழ வைத்த மறதி நோய்க்கு 500 கோடி. அழக்கூட விடாத சாதி நோய்க்குக் காலி நாற்காலி! காதலுக்கு எந்த நோய் பெரிய வில்லன் என்று நம்ம ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே தோழர்களே, என் தீர்ப்பு இதுதான். எவ்வளவு கத்தினான், எவ்வளவு அழுதான் என்று மார்க் போட வேண்டாம். எதிரே நிற்கும் பெண் பேசும்போது அவன் காது கொடுக்கிறானா என்று பாருங்கள். அவள் "வேண்டாம்" என்று சொன்ன அந்த விநாடியில் அவன் முகம் எப்படி இருந்தது என்று பாருங்கள். வசனம் இல்லாத அந்த ஒரு விநாடியில் நடிகன் பாஸா ஃபெயிலா என்று தெரிந்துவிடும்.

அது நடிகனுக்கு மட்டும் வைத்த பரீட்சை இல்லை. நமக்கும்தான். இதில் அரியர் வைத்தால் எழுதிக் கழிக்க முடியாது நண்பர்களே! ஏனென்றால், இரண்டு பஸ் மாறி வருகிறவள் வேறு ஒருத்தி!