எல்லை தாண்டாத காப்பீட்டு அட்டை

மைசூரில் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மருத்துவக் காப்பீட்டு அட்டை ஒன்று பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. ஊரில் முகாம் நடந்தபோது படம் பிடித்துக் கொடுத்த அட்டை. ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை இலவசம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அது மைசூர் ஆஸ்பத்திரியில் செல்லுமா என்ற கேள்வியை நம்மவர்கள் பெரும்பாலும் நோயாளியைப் படுக்கையில் சேர்த்த பிறகுதான் கேட்கிறார்கள். சிலருக்குச் செல்லும், சிலருக்குச் செல்லாது என்பதே பதில்.

இதில் வேதனை என்னவென்றால், ஏழைகளுக்கு மருத்துவக் காப்பீடு என்ற விஷயத்தில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலங்களில் தமிழ்நாடும் கர்நாடகமும் உண்டு. கூட்டுறவுச் சங்க விவசாயிகளுக்கு மாதம் 5 ரூபாய் சந்தாவில் யசஸ்வினி திட்டத்தைக் கர்நாடகம் 2003-லேயே நடைமுறைப்படுத்தியது. தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. பிறகு 2018 செப்டம்பர் 23-ம் தேதி மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தைத் தொடங்கியது. இரு மாநிலங்களும் தங்கள் திட்டத்தை அதனோடு இணைத்துக் கொண்டன.

சிக்கல் இந்த இணைப்பில்தான் இருக்கிறது. மத்திய திட்டம் 2011-ம் ஆண்டு சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு குடும்பங்களைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் இந்தியாவில் திட்டத்தில் சேர்ந்த எந்த ஆஸ்பத்திரியிலும் சிகிச்சை பெறலாம். ஆனால் பட்டியலுக்கு வெளியே இருந்த லட்சக்கணக்கான குடும்பங்களை மாநில அரசு தன் சொந்தப் பணத்தில் சேர்த்தது. அது நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் மாநிலம் கடந்து சிகிச்சை பெறும் உரிமை மத்தியப் பட்டியலைச் சேர்ந்தது. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டார் இருவரிடமும் ஐந்து லட்ச ரூபாய் அட்டை இருக்கும். மைசூரில் ஒருவருக்குச் செல்லும், மற்றவருக்குச் செல்லாது. எந்தப் பட்டியலில் நம் பெயர் இருக்கிறது என்பதை 14555 என்ற இலவசத் தொலைபேசியில் கேட்கலாம். தமிழ்நாட்டுத் திட்டத்துக்கு 1800 425 3993. உடம்பு நன்றாக இருக்கும்போதே இந்த இரண்டு எண்களையும் கூப்பிட்டுவிடுவது நல்லது.

அப்படியானால் கர்நாடக அட்டைக்கு மாறிவிடலாமே என்று கேட்கலாம். இங்கே ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்கிய கர்நாடக திட்டம் ரேஷன் கார்டை வைத்து நடக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்துக்கு ஐந்து லட்சம். மற்ற கார்டுதாரர்களுக்குச் சிகிச்சைச் செலவில் 30 சதவீதம், அதுவும் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரையில். ஆகவே மாறுவதென்றால் ஊரில் உள்ள ரேஷன் கார்டிலிருந்து பெயரை நீக்க வேண்டும். ஒருவர் பெயர் இரு மாநிலக் கார்டுகளில் இருக்கக் கூடாது. 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை ஊர்க் கார்டோடு ஒட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டு 30-ம் தேதி நம் மைசூரிலேயே தொடக்கி வைத்த 2,000 ரூபாய் கிருஹலட்சுமி திட்டம் இங்குள்ள கார்டோடு ஒட்டியது. ஊரை விட்டால் இங்கே கிடைக்குமா என்ற நிச்சயமில்லாமல் யார்தான் கார்டை ஒப்படைப்பார்கள்? வாடகை வீட்டில் இருப்பவருக்கு முகவரிச் சான்று வாங்குவதே பெரும்பாடு. ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ என்ற ஏற்பாட்டில் முன்னுரிமைக் கார்டுக்கு அரிசி மாநில எல்லை தாண்டி வந்துவிட்டது. ஆஸ்பத்திரி விஷயத்தில் அதே ஏற்பாட்டை இரு மாநில அரசுகளும் உட்கார்ந்து பேசிச் செய்திருக்கலாம். இந்த ஒன்றுக்கு காவிரித் தகராறும் குறுக்கே நிற்கவில்லை.

கர்நாடகக் கார்டு உள்ளவர்களும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அவசரச் சிகிச்சை தவிர மற்றவற்றுக்கு முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே வசதியில்லை என்று பரிந்துரைக் கடிதம் பெற்ற பிறகே தனியார் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கே.ஆர். ஆஸ்பத்திரியின் கூட்டத்துக்கு அஞ்சி நேரே தனியாரிடம் போய்ச் சேர்ந்துவிட்டு, பிறகு கார்டை நீட்டினால் பயனில்லை. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் ‘ஆரோக்கிய மித்ரா’ என்ற உதவியாளர் இருப்பார். முதலில் பார்க்க வேண்டியவர் அவர்தான்.

இந்தக் குழப்பத்தில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். “ஆயுஷ்மான் கார்டு எடுத்துத் தருகிறேன், ஐந்நூறு ரூபாய் கொடு, ஆதார் நகலும் விரல் ரேகையும் கொடு” என்று வருகிறவரை நம்பக் கூடாது. தகுதி உள்ளவருக்குத் தரகரே தேவையில்லை; தகுதி இல்லாதவருக்கு எந்தத் தரகராலும் வாங்கித் தர முடியாது. திட்டத்தின் கணக்குகள் எவ்வளவு இளகிக் கிடந்தன என்பதற்கு மத்தியத் தணிக்கைத் துறை 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையே சாட்சி. பத்து ஒன்பதுகள் கொண்ட ஒரே தொலைபேசி எண்ணில் மட்டும் ஏறத்தாழ ஏழரை லட்சம் பயனாளிகள் பதிவாகியிருந்தார்கள். இறந்துவிட்டதாக முன்பே பதிவான நோயாளிகளுக்குச் சிகிச்சை நடந்ததாகவும் பணம் போயிருக்கிறது. உங்கள் பெயரில் வேறு யாரோ சிகிச்சை பெற்றால், அந்த ஐந்து லட்சத்திலிருந்துதான் அது கழியும்.

அடுத்து இ.எஸ்.ஐ. ஹெப்பாள், மேட்டகள்ளி, நஞ்சன்கூடு தொழிற்பேட்டைகளில் இருப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். கடன் வாங்காமல் குடும்பம் முழுவதும் சிகிச்சை பெறுவதற்குத் தொழிலாளிக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. மாநில எல்லையும் இதற்கு இல்லை. சம்பள உச்சவரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2019 ஜூலையில் சந்தா குறைக்கப்பட்டு, தொழிலாளியின் பங்கு முக்கால் சதவீதமும் முதலாளியின் பங்கு மூன்றேகால் சதவீதமும் ஆயின. 16,000 ரூபாய் சம்பளத்தில் தொழிலாளிக்கு 120 ரூபாய், முதலாளிக்கு 520 ரூபாய். இந்த 520 ரூபாயை மிச்சம் பிடிக்கவே சில காண்டிராக்டர்கள் ஆட்களின் பெயரை ஏட்டில் ஏற்றாமல் வைத்திருக்கிறார்கள். சிலர் 120 ரூபாயைப் பிடித்துக் கொண்டு கட்டாமல் இருப்பதும் உண்டு. காண்டிராக்டர் கட்டாவிட்டால் கம்பெனியே கட்ட வேண்டும் என்பது சட்டம். இன்சூரன்ஸ் எண் என்ன என்று கேட்டு வாங்குங்கள். எண் இல்லை என்றால் பணம் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

குமாஸ்தாக்கள் சமாசாரம் வேறு. தனியார் கம்பெனி பாலிசி எடுக்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்தத்தை “எழுத வேண்டாம் சார், பிரீமியம் ஏறும்” என்று ஏஜெண்டு சொல்வார். எழுதிவிடுங்கள். முன்பே உள்ள நோய்க்குக் காத்திருக்கும் காலம் 2024-ல் அதிகபட்சம் மூன்று ஆண்டாகக் குறைக்கப்பட்டது. மறைத்தால் அதையே காரணம் காட்டிப் பணத்தை மறுத்துவிடுவார்கள். நியாயமில்லாமல் மறுத்தால் பெங்களூரில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் ஓராண்டுக்குள் எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

இனி பில் விஷயம். தனியார் ஆஸ்பத்திரிக் கட்டணங்களை அரசே நிர்ணயிக்க வேண்டும் என்று 2017-ல் சித்தராமையா அரசில் சுகாதார மந்திரியாக இருந்த ரமேஷ் குமார் மசோதா கொண்டு வந்தார். நவம்பரில் தனியார் டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நோயாளிகள் மாநிலம் முழுவதும் தவித்தார்கள். கடைசியில் விலை நிர்ணயம் அரசுத் திட்ட நோயாளிகளுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. இருந்தாலும் தப்பி நின்ற பிரிவுகள் சில நமக்கு உபயோகமானவை. கட்டண விவரத்தை ஆஸ்பத்திரி எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும். அவசரக் கேஸில் முன்பணம் கட்டினால்தான் பார்ப்போம் என்று சொல்லக் கூடாது. பாக்கியைக் காட்டி இறந்தவர் உடலை நிறுத்தி வைக்கக் கூடாது. மீறினால் மாவட்டக் கலெக்டர் தலைமையில் உள்ள குறைதீர்ப்புக் குழுவிடம் மனுக் கொடுக்கலாம். கன்னடத்தில் எழுதிக் கொடுத்தால் காரியம் சீக்கிரம் நடக்கும் என்பது என் அபிப்பிராயம்.

பணம் கொடுத்துப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1995-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2019 சட்டத்தின்படி, வழக்குப் போடுகிறவர் தாம் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம். சேலத்து ஆஸ்பத்திரியோடு தகராறு என்றாலும் மைசூரில் மனுச் செய்ய முடியும். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். இதற்கு ரசீதும் சிகிச்சைக் குறிப்பும் வேண்டும். சிகிச்சைக் குறிப்பை நோயாளி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் கொடுத்தாக வேண்டும். வீடு திரும்பும் நாளிலேயே கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்.