காய்ச்சலோடு வந்தவளுக்குப் பரிசா?

ஆண்டு முழுவதும் ஒரு நாளும் விடுப்பு எடுக்காத மாணவியருக்குப் பரிசளிப்பு விழாவில் எவர்சில்வர் டம்ளர் வழங்குவது நம் பள்ளியின் நெடுநாளைய வழக்கம். பேச்சுப் போட்டிக்கு நாவன்மை வேண்டும். ஓட்டப் பந்தயத்திற்குக் கால்வலிமை வேண்டும். இந்த டம்ளருக்கோ பிடிவாதம் ஒன்றே போதும். நாங்களும் அதை வாங்கியவர்கள்தாம். காலையில் வீட்டாருக்குத் தெரியாமல் பாரசிட்டமால் மாத்திரையை விழுங்கிவிட்டு, காலை வணக்கக் கூட்டத்தில் இருமலைக் கைக்குட்டைக்குள் அடக்கிக்கொண்டு நின்றவர்கள் எங்களுள் உண்டு. அந்தப் பரிசு இனி வேண்டாம் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

காரணம், கொரோனா. "அதுதான் போய்விட்டதே!" என்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் நாள் நெருக்கடி நிலை முடிந்ததாக அறிவித்தது உண்மையே. ஆனால் கிருமி எங்கும் போய்விடவில்லை. ஆண்டுதோறும் சளிக்காய்ச்சலோடு சளிக்காய்ச்சலாக வந்து போகிறது.

முதியோரை வாட்டிய அளவுக்கு இந்நோய் பிள்ளைகளை வாட்டவில்லை. தொற்றிய பிள்ளைகளுள் பலருக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. தோன்றினாலும் காய்ச்சல், இருமல், தொண்டை வலி, மூக்கொழுகல், தலைவலி, அசதி என்று மற்றச் சளிக்காய்ச்சலைப் போலவே இருப்பதால், சோதனை செய்யாமல் பிரித்தறிவது மருத்துவருக்கும் அரிது. சிலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் முதலில் வரும். மணம் தெரியாமற் போவதைப் பற்றிப் பெரியவர்கள் நிறையப் பேசினார்கள். மூன்று வயதுக் குழந்தை அதை எப்படிச் சொல்லும்? ஒமிக்ரான் வகை பரவிய 2022-இன் தொடக்கத்தில், நாய் குரைப்பது போன்ற இருமலோடு சிறு குழந்தைகள் பலர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர்.

பெரும்பாலோர் சில நாட்களில் தேறிவிடுகின்றனர். இந்த எளிமைதான் எங்களை ஏமாற்றியது. ஒரே பெஞ்சில் நால்வர் தோளோடு தோள் உரச அமர்கிறோம். அவர்களுள் ஒருத்திக்குப் பிறவி இருதய நோய் இருக்கலாம். இன்னொருத்தியின் வீட்டில் கைக்குழந்தையோ, நீரிழிவுள்ள பாட்டியோ இருக்கலாம். ஓராண்டு நிரம்பாத குழந்தைகளுக்கும், நாட்பட்ட நோயுள்ள பிள்ளைகளுக்கும் நோய் கடுமையாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஞானோபதேச வகுப்பில் பிறரன்பைப் பற்றி எழுதி நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, அடுத்த மணியில் பக்கத்தில் இருப்பவள்மேல் இருமியிருக்கிறோம்.

இதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. 2020 ஏப்ரலில் இங்கிலாந்தின் மருத்துவர்கள் ஒரு புதுமையைக் கண்டு எச்சரித்தனர். கொரோனா தொற்றி இரண்டு முதல் ஆறு வாரங்கள் கழிந்தபின், நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு விடாத காய்ச்சல் வருகிறது. கண்கள் சிவக்கின்றன, தோலில் தடிப்புகள், உதடும் நாவும் சிவந்து போகின்றன, குடல்வால் நோயோ என்று ஐயுறும்படி வயிறு வலிக்கிறது. இரத்த அழுத்தம் தாழ்ந்து இருதயமும் தளரக்கூடும். எம்.ஐ.எஸ்.சி. என்று மருத்துவர்கள் சுருக்கமாகக் குறிப்பிடும் இது, ஜப்பானியக் குழந்தை மருத்துவர் டோமிசாகு கவாசாகி 1967-இல் விவரித்து எழுதிய நோயை ஒத்திருந்தது. (உலகெங்கும் அவர் பெயர் மீண்டும் பேசப்பட்ட 2020 ஜூனில்தான் அப்பெரியவர் காலமானார்.) இது அரிதாகவே வருவது, பிற்காலத்து வகைகளால் இன்னும் அரிதாகிவிட்டது. காலத்தில் மருத்துவமனை சேர்ந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் பிழைத்தும் கொண்டனர்.

ஆனால் அங்கே மருத்துவர் அம்மாவிடம் கேட்கும் கேள்வியை எண்ணிப் பாருங்கள்: "ஒன்றரை மாதத்திற்குள் இவளுக்குக் காய்ச்சல், சளி ஏதாவது வந்ததா?" டம்ளருக்காக மாத்திரையை மறைத்து விழுங்கியவளின் தாய், "இல்லையே டாக்டர்" என்றுதானே சொல்வார்?

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. குழந்தை நோயுற்றிருக்கும்போது நெற்றியை மட்டும் தொட்டுப் பார்க்காதீர்கள். அது அமைதியாக இருக்கும் நேரத்தில் மூச்சை ஒரு நிமிடம் முழுதும் எண்ணுங்கள். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60, ஓராண்டுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்ற எண்ணிக்கையை எட்டினால் அது வேகமான மூச்சு. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். விலா உள்ளிழுத்தல், உதடு நீலமாதல், பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் எழாத மயக்கம் ஆகியவற்றைக் கண்டால் மணி பார்த்துக்கொண்டிருக்கலாகாது. ஆஸ்பிரினை மருத்துவர் சொல்லாமல் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

பரிசை நிறுத்தினால் சோம்பேறிகள் பெருகுவார்கள் என்று ஆசிரியைகள் சிலர் சொல்கிறார்கள். பெருகலாம், சோம்பேறிகளைக் கண்டுபிடிப்பதில் நம் ஆசிரியைகளுக்கு நிகர் இல்லை. கூலி வேலைக்குப் போகும் தாயின் நிலையே எங்களைத் தயங்க வைக்கிறது. மகள் வீட்டில் படுத்தால் அவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. இதற்கு எங்களிடம் முழுமையான விடை இல்லை. விடுபட்ட பாடங்களை எழுதி, தேறி வந்ததும் கொடுக்க எங்கள் வகுப்பில் இருவர் இருவராகப் பொறுப்பேற்கிறோம். எங்களால் இயன்றது அதுதான்.

மதர் அவர்கள் இந்த ஆண்டுக்கான டம்ளர்களை முன்னரே வாங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். அவற்றை நோயறைக்குக் கொடுத்துவிடலாம். அங்கே வெந்நீர் குடிக்க இருப்பது ஒரே டம்ளர். அதுவும் விளிம்பு நசுங்கியது.