தலைக்காயமும் தலைவிதியும்

மந்திரித்த கயிறு என்றால் சிரிக்கிற நம் தோழர்களில் சிலரே, ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மாத்திரம் வேதவாக்கியமாய் வைத்துக் கொண்டு, “இதனால் குணமாகும் என்பதற்கு என்ன ருஜு?” என்று ஒரு கேள்வி கேட்கவும் கூசுகிறார்கள். கேட்டால் என்ன? டாக்டர்களே கேட்டிருக்கிறார்கள்.

தலையில் பலமாக அடிபட்டால் மூளை வீங்குகிறது. ஸ்டீராய்டு என்னும் மருந்து வீக்கத்தை அடக்கக் கூடியது. ஆகவே அதைக் கொடுத்தால் அடிபட்டவன் பிழைப்பான் என்பது பார்வைக்கு நியாயமாகவே இருக்கிறதல்லவா? அந்த நியாயத்தை நம்பி 30 வருஷங்களுக்கு மேல் பல தேசத்து ஆஸ்பத்திரிகளில் அதைக் கொடுத்து வந்தார்கள். பிழைத்தவன் மருந்தால் பிழைத்தான், செத்தவன் காயத்தால் செத்தான் என்று கணக்கு முடிந்தது. பிழைத்தால் சாமி காப்பாற்றிற்று, செத்தால் விதி முடிந்தது என்று பூசாரி சொல்லும் கணக்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம்.

வித்தியாசம் பிறகுதான் வந்தது. லண்டனிலுள்ள ஒரு மருத்துவப் பள்ளியார் முன்னின்று, பல தேசங்களில் தலைக்காயப்பட்ட 10,008 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டு பாதியாக்கி, ஒரு பாதிக்கு மருந்தும் மறுபாதிக்கு மருந்தைப் போலிருக்கும் வெறும் நீரும் செலுத்தினார்கள். யாருக்கு எது என்று கொடுத்த டாக்டருக்கும் தெரியாது. 2004இல் வந்த முடிவு என்ன? இரண்டு வாரத்துக்குள், மருந்து பெறாதவர்களில் 100க்கு 17.9 பேரும், மருந்து பெற்றவர்களில் 21.1 பேரும் செத்துப் போனார்கள். 20,000 பேர்வரை போக எண்ணியிருந்த பரீட்சையைப் பாதியிலேயே நிறுத்தி விட்டார்கள். அதற்கு முன் 30 வருஷம் அந்த மருந்தால் எத்தனை உயிர் போயிற்றோ, யார் எண்ணினார்கள்?

“பார்த்தீர்களா உங்கள் விஞ்ஞான யோக்கியதையை!” என்று வைதிகர்கள் துள்ளலாம். தாராளமாய்த் துள்ளட்டும். தங்கள் தவறை எண்ணிப் பார்த்து ஊரறியச் சொல்லி நிறுத்திய ஒரு கோவிலையோ மடத்தையோ அவர்கள் காட்டுவார்களா?

நிற்க. அதே கூட்டத்தார் ரத்தம் கொட்டும் காயக்காரர்களைப் பற்றியும் பரீட்சை செய்தார்கள். இந்தியா உட்பட 40 தேசங்கள், 274 ஆஸ்பத்திரிகள், 20,211 பேர். மருந்து டிரானெக்ஸாமிக் அமிலம். ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோ என்ற பெண்மணியும் அவர் கணவரும் 1960களில் வெளியிட்டது, விலையும் சொற்பம். 2010இல் தெரிந்தது: சாவு 100க்கு 16லிருந்து 14.5 ஆகக் குறைந்தது. ஆனால் அடிபட்ட மூன்று மணிக்குள் கொடுத்தால்தான் பலன். அதற்கப்புறம் கொடுத்தவர்களில் ரத்தப்போக்கால் செத்தவர்கள் அதிகமேயானார்கள்.

மூன்று மணி! ரோட்டில் கிடப்பவனைச் சுற்றி நின்று “அவன் தலையெழுத்து” என்று பேசிக் கழிப்பதும் அந்த மூன்று மணியில்தான் போகிறது. கோர்ட்டுக்கும் போலீசுக்கும் பயந்து நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, நல்லெண்ணத்தோடு தூக்கிச் சென்றவர்மேல் வழக்கு இல்லை. தூக்கிச் செல்லுகிறவர்கள், அடிபட்டது எத்தனை மணிக்கு என்பதை மறவாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த ஊசியைப் போடலாமா கூடாதா என்பதற்கு அவருக்கு வேண்டியது அந்த மணிக்கணக்கே.