பிள்ளைக்கு 18 முடிந்தால் வாப்பாவின் நிலுவையும் முடிந்ததா?

முருங்கன் சந்தியில் சிலாவத்துறை பஸ்ஸுக்காக நின்றபோது, முன்பு என்னிடம் படித்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "சேர், எனக்கு 21 ஆகிட்டு. வாப்பா தராம விட்ட காசை உம்மா இனிக் கேட்கலாமா?"

காதி நீதிமன்றத்தின் தாபரிப்புக் கட்டளை உம்மாவின் பெட்டியில் இருக்கிறது. நாலு மாதம் காசு வந்தது. பிறகு வாப்பா புத்தளத்தில் வேறு குடும்பத்தோடு தங்கிவிட்டார். தையல் மெஷினை மிதித்தே உம்மா பிள்ளையை ஏ.எல். வரை படிப்பித்தார்.

ஊரில் இதற்குக் கிடைக்கும் பதில், "பிள்ளைதான் வளர்ந்துட்டாளே, இனி என்ன தாபரிப்பு?" என்பதுதான். இனிமேல் தர வேண்டியது வேறு, கட்டளை இருந்தும் தராமல் விட்டது வேறு. பிள்ளை பெரியவளானது முதலாவதை நிறுத்தலாம். இரண்டாவது, அவள் ஏழு வயதில் உண்ட சோற்றுக்கான காசு. அதை உம்மா எப்போதோ கொடுத்து முடித்துவிட்டார்.

மார்க்கம் தெரிந்தவர்கள் ஒரு கேள்வி எழுப்பலாம். ஷாபிஈ மத்ஹபில் மனைவியின் தாபரிப்பு, காலம் கடந்தாலும் கணவன் மேல் கடனாக நிற்கும். பிள்ளையின் தாபரிப்பு அப்படியல்ல, காலம் கடந்தால் விழுந்துவிடும் என்பது பொது விதி. ஆனால் காதியின் தீர்ப்போடு தொடர்புபட்ட விதிவிலக்கை இமாம்களே பேசியிருக்கிறார்கள். ஆகவே அந்தக் கட்டளைத் தாள் சாதாரணமானதல்ல. கணவர் போதியளவு தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) முறையிட்டபோது, தனக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். "சபூர் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பும் நமது ஜமாஅத் பெரியவர்கள் இந்த ஹதீஸை ஏன் நினைவூட்டுவதில்லை என்பது எனக்குப் புரிவதில்லை.

இனி நாட்டுச் சட்டம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பிள்ளைத் தாபரிப்பை விசாரிக்கும் அதிகாரத்தைக் காதிக்குக் கொடுத்தது. அறவிடும் பலத்தைக் கொடுக்கவில்லை. காதி சான்றிதழ் அனுப்ப வேண்டும், நீதவான் நீதிமன்றம் அதைத் தண்டப்பணம் போல அறவிட வேண்டும். நான் அறிந்த தாய்மார் பலர் இந்த இரண்டாவது படியில்தான் களைத்துப்போனார்கள். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், தன்னைத் தானே பராமரிக்க இயலாத 18 முதல் 25 வயது வரையான பிள்ளையையும் கணக்கில் எடுக்கிறது. நமது சட்டத்தில் அப்படித் தெளிவான வாசகம் இல்லை. நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலான குழு 2009இல் அமைக்கப்பட்டு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. அதன்பின் பலதார மணம், திருமண வயது, பெண் காதி என்று வாதம் சூடானது. வராத தாபரிப்பை அறவிடுவது பற்றிப் பேசியவர்கள் குறைவு.

தமிழ்நாட்டிலிருந்து இந்திய உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு தாயும் மகனும் உண்டு. 1993இலிருந்து ஆளுக்கு மாதம் 300 ரூபா கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குக் கட்டளை கிடைத்திருந்தது. நிலுவையைக் கேட்டபோது, ஒரு வருடத்துக்குரியதை மட்டுமே கேட்கலாம் என்று உயர் நீதிமன்றம் குறைத்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அந்த ஒரு வருட வரம்பு ஒரு வகை அறவீட்டு முறைக்கு மட்டுமே உரியது, நிலுவைக்கான உரிமையை அழிக்காது என்றது. தீர்ப்பு வந்தபோது மகனுக்கு 20 வயது கடந்திருந்தது. இந்தத் தீர்ப்பு இலங்கையைக் கட்டுப்படுத்தாது, ஆனால் அதன் நியாயம் எடுத்துச் சொல்லத் தக்கது.

மன்னார் முஸ்லிம்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1990 ஒக்டோபர் வெளியேற்றத்துக்குப் பின் குடும்பங்கள் புத்தளத்துக்கும் முசலிக்கும் இடையே பிரிந்து கிடக்கின்றன. வாப்பா ஒரு காதியின் பிரிவில், உம்மா இன்னொரு காதியின் பிரிவில். அலையும் பஸ் காசே சில மாதத் தாபரிப்பை விழுங்கிவிடும்.

மாணவியிடம் சொன்னேன்: மனுக்காரி உம்மாதான், அவரைக் கூட்டிக்கொண்டு கட்டளை போட்ட காதியின் அலுவலகத்துக்கே முதலில் போ. காதி மாறியிருந்தாலும் வழக்குப் பதிவேடு அங்கே இருக்க வேண்டும். எந்த மாதம் காசு வந்தது, எந்த மாதம் வரவில்லை என்று ஒரு கொப்பியில் எழுது. நீதவானுக்குச் சான்றிதழ் அனுப்பும்படி எழுத்தில் கேள், கேட்டதற்கு ஒரு பிரதியை உன் கையில் வைத்துக்கொள்.