ஒரே வேதியியல், இரண்டு தண்டவாளங்கள்

கொல்கத்தாவின் காளிகாட் நிலையத்துக்குள் மெட்ரோ ரயில் நுழையும்போது, ஒவ்வொரு சக்கரத்தின் சுமையும் ஒரு சின்னக் காசு அளவு பரப்பில்தான் தண்டவாளத்தின் மேல் இறங்குகிறது. நாட்டின் முதல் சுரங்க ரயில் 1984-ல் ஓடத் தொடங்கியது இந்த ஊரில்தான். காளிகாட் வழியாக டோலிகஞ்ச் வரை பாதை நீண்டது 1986-ல். அந்தக் காசளவு பரப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் உண்மையிலேயே பார்க்கிறோம்?

இந்திய ரயில்வேயின் 880 தரத் தண்டவாளத்திலும், மெட்ரோக்கள் விரும்பும் 1080 தரத்திலும் கார்பன் வரம்பு ஒன்றே: 0.60 முதல் 0.80 சதவீதம். மாங்கனீஸும் அப்படியே. ஆனால் குறைந்தபட்ச இழுவிசை வலிமையில் 200 மெகாபாஸ்கல் வித்தியாசம். புதிதாக எந்தத் தனிமமும் சேரவில்லை. தலைப்பகுதியை வேகமாகக் குளிர்விப்பதால் ஆஸ்டெனைட் இன்னும் தாழ்ந்த வெப்பநிலையில் பியர்லைட்டாக மாறுகிறது. அங்கே கார்பனால் அதிக தூரம் நகர முடியாது. அதனால் ஃபெரைட், சிமென்டைட் தகடுகள் நெருக்கமாக அமைகின்றன. வலிமை கூடுவது அந்த நெருக்கத்தால்தான். 1943-ல் திறந்த ஹவுரா பாலத்துக்கு டாடா ஆலை சுமார் 23,000 டன் டிஸ்க்ரோம் எஃகு கொடுத்தது. அன்று குரோமியமும் தாமிரமும் சேர்த்து வலிமையைக் கூட்டினார்கள். இன்று தண்டவாளத்தில் அதைக் குளிர்விப்பாலேயே சாதிக்கிறோம். நம் துறையில் இதைவிட அழகான பாடம் எனக்குத் தெரியாது.

ஆனால் சோதனைச் சான்றிதழ்களைப் பாருங்கள். வேதியியல் மூன்று தசமம் வரை இருக்கும். நுண்ணமைப்பு என்ற கட்டத்தில் 'நுண் பியர்லைட்' என்ற இரண்டே சொற்கள். மெருகேற்றிய துண்டை நைட்டலில் அரித்து ஒளி நுண்ணோக்கியில் வைத்தால், கடினத் தலையின் பியர்லைட் வெறும் கருந்திட்டாகத்தான் தெரியும். தகடுகளின் இடைவெளி 0.1 மைக்ரான் அளவுக்கு இறங்கும்போது ஒளியால் அதைப் பிரித்துக் காட்ட முடியாது. எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாமல் எழுதும் 'நுண்' என்ற சொல் அளவீடு அல்ல, ஊகம்.

பற்றவைப்பில்தான் இந்த ஊகம் பெரிய தொல்லையாகிறது. தெர்மிட் இணைப்பின் வெப்பம் பாதித்த பகுதியின் ஓரத்தில், முழுதும் ஆஸ்டெனைட் ஆகாமல் சூடேறிய ஒரு பட்டை உண்டு. அங்கே சிமென்டைட் தகடுகள் உடைந்து உருண்டைகளாகின்றன, கடினத்தன்மை சரிகிறது. ஆலையில் கவனமாக உருவாக்கிய அமைப்பு, களத்தில் சில நிமிடங்களில் கலைந்துபோகிறது. சக்கரங்கள் அந்த மென்பட்டையை நாளடைவில் பள்ளமாக்குகின்றன. 880 தரத்தில் இந்தச் சரிவு அவ்வளவு தெரியாது. 1080-ல் கண்ணுக்கே தெரியும். தரத்தை உயர்த்திவிட்டுப் பற்றவைப்பு நடைமுறையைப் பழையபடியே விட்டுவைத்தால், செலவழித்த பணம் இணைப்புகளில் வீணாகும்.

எனவே இனி இவ்விதழில் தண்டவாள எஃகு பற்றிய கட்டுரைகளுக்கு மூன்றைக் கட்டாயமாக்குகிறோம்: மாதிரி வெட்டிய இடம் ஓடுபரப்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்ற குறிப்பு, எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்திலிருந்து அளந்த தகட்டு இடைவெளி, பற்றவைப்பு என்றால், இணைப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை எடுத்த கடினத்தன்மை வரைபடம். வாங்கும் பொறியாளர்களும் தங்கள் ஒப்பந்தப் புள்ளியில் இதே மூன்றையும் கேட்கலாம்.