பதினோரு கத்திகளும் ஒரு கொய்யாப்பழமும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு நண்பர்களோடு ஏற்காடு போயிருந்தேன். வழியில் கொய்யா வாங்கினோம். "டேய், நீதான் கத்திக்காரனாச்சே, எடு" என்றான் ஒருவன். என்னிடம் பதினோரு மடக்குக் கத்திகள் உண்டு. பதினொன்றும் சென்னையில், எண்ணெய் தடவி, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு ஒரு பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தன. கடைசியில் பழம் விற்ற அக்காதான் நறுக்கிக் கொடுத்தார். அவரிடம் இருந்தது ஒரே கத்தி. தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்துபோயிருந்தது.

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு "மரபான கத்திகளைச் சேகரிக்கிறேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களைப் பார்த்தால் சண்டை போடத் தோன்றுகிறது. இந்தக் கட்டுரை அந்தச் சண்டைதான்.

முதலில் "மரபு" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-ல் செய்த கத்தி ரொம்ப எளிமையானது. ஒரு மரப்பிடி, ஒரு அலகு. 1897-ல் அதைப் பன்னிரண்டு அளவுகளில் செய்து எண் கொடுத்தார். அவரவர் கைக்கும் வேலைக்கும் தக்கபடி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நம்மாட்கள் அந்த எண்களைப் பார்த்ததும் "செட்" என்று புரிந்துகொண்டார்கள். என்னிடம் 6, 7, 8, 9 இருக்கின்றன. 8-க்கும் 9-க்கும் அலகில் அரை சென்டிமீட்டர் வித்தியாசம். அந்த அரை சென்டிமீட்டர் இருந்தால்தான் வெட்டுப்படுவேன் என்று அடம்பிடிக்கும் பழம் எதையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

அமெரிக்காவின் ஸ்டாக்மேன் கத்தி இன்னும் மோசம். மேய்ச்சல்காரர்களுக்கான கத்தி அது, மூன்று அலகுகள். அதில் ஸ்பே என்ற அலகு கால்நடைகளுக்குக் காயடிக்க வந்தது. அதைப் பழுப்பு, பச்சை, சிவப்பு என மூன்று நிற எலும்புப் பிடிகளில் வாங்கி வைத்திருக்கும் நான் செய்கிற வேலை, ஜாவாவில் கோட் எழுதுவது. கேஸ் நிறுவனம் 1970-லிருந்து அலகின் அடியில் புள்ளிகள் பொறித்தது. பத்தில் ஆரம்பித்து வருடத்துக்கு ஒன்று குறையும். எந்த வருடத்துக் கத்தி என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். சேகரிப்பவனுக்கு அது வேறு கணக்கு: ஒரு புள்ளி குறைந்தால் இன்னொரு கத்தி வாங்கலாம்.

இந்தச் சந்தையில் எதற்கு மதிப்பு அதிகம்? ஒருமுறைகூடத் தீட்டாத கத்திக்கு. அக்காவின் கத்தியை அங்கே யாரும் சீண்டமாட்டார்கள். கார்பன் எஃகில் பழமும் வெங்காயமும் நறுக்க நறுக்க நீலமும் சாம்பலுமாக ஒரு நிறம் ஏறும். அதற்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் கடுகு விழுதையும் வினிகரையும் தடவி ஒரே ராத்திரியில் பழசாக்குகிறவர்கள் உண்டு. நானும் செய்திருக்கிறேன். உழைக்காத கத்திக்கு உழைத்த மாதிரி மேக்கப்! ஒருவர் ஒரே கத்தியை வருடக்கணக்கில் தேய்த்துத் தீர்ப்பதுதான் இதில் மரபு என்று ஏதாவது இருந்தால் அது. நாம் கொண்டாடுவது அதன் நேரெதிரை.

"சேகரிப்பவர்கள் இல்லாவிட்டால் பட்டறைகள் மூடிவிடும்" என்பார்கள். இதில் நியாயம் இருக்கிறது. ஜப்பானின் மிகி நகரத்து ஹிகோனோகாமியைப் பாருங்கள். ஸ்பிரிங் கிடையாது, பூட்டு கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் சீவிய கத்தி. 1960-ல் சோஷலிஸ்ட் தலைவர் அசனுமாவை மேடையிலேயே ஒரு பதினேழு வயதுப் பையன் குறுவாளால் குத்திக் கொன்றான். அதையடுத்து, பிள்ளைகள் கையில் கத்தி கொடுக்காதே என்று ஒரு இயக்கமே நடந்தது. இன்று அந்தப் பெயரைப் போடும் உரிமையோடு மிஞ்சியிருப்பது ஒரே பட்டறை. ஆனால் கத்தி முதலில் காணாமல்போனது பிள்ளைகளின் பையிலிருந்து. பட்டறைகள் மூடியது அதன் விளைவு. இரண்டு ஹிகோனோகாமிகளை வாங்கிப் பெட்டியில் பூட்டி நான் எந்தப் பையையும் நிரப்பிவிடவில்லை. பட்டறைக்கு உதவ ஆசையா? ஒன்று வாங்கு. தேய்த்து முடி. அப்புறம் இன்னொன்று வாங்கு.

சரி, வாங்காமல் இருப்பது எப்படி? ஒன்று வந்தால் ஒன்று போகணும், முப்பது நாள் காத்திருக்கணும், எக்செலில் கணக்கு வைக்கணும் என்றெல்லாம் விதிகள் சொல்வார்கள். எக்செல் வைத்தேன். அதன் காலியான பன்னிரண்டாவது வரிசையே என்னை அரித்தது. இந்த ஆசை எப்போது வருகிறது என்று கவனித்தேன். ராத்திரி பதினொன்றரைக்கு, புரொடக்‌ஷன் பிரச்சினையை முடித்து லேப்டாப்பை மூடும் நேரம். அப்போது நான் வாங்கப் பார்ப்பது, மலைச்சரிவில் உட்கார்ந்து ரொட்டி அறுக்கிற, மீட்டிங்கே இல்லாத ஒரு மனிதனை. அவன் பார்சலில் வருவதில்லை. கத்தி மட்டும்தான் வருகிறது.

எனக்கு ஓரளவு உதவியது தீட்டுக்கல்தான். 8-ஆம் எண்ணைச் சமையலறைக்குக் கொண்டுவந்தேன். முதல்முறை தீட்ட நாற்பது நிமிடம். அப்படியும் தக்காளித் தோலில் வழுக்கியது. ஒரு கத்தியைப் பழக்கவே இவ்வளவு நேரமென்றால் பதினொன்றை என்ன செய்வது என்ற கேள்வி அன்றுதான் வந்தது. போன ஐப்பசி மழையில் மரப்பிடி ஊதி, அலகு வெளியே வர மறுத்தது. பிடியின் பின்முனையை மேசையில் தட்டினால் அலகு எட்டிப் பார்க்கும். இதற்கு 'சவோய்க்காரன் தட்டு' என்றே பெயர். பல வருடங்களாக வாசித்துத் தெரிந்துவைத்திருந்தேன். தட்டியது அன்றுதான். பெட்டிக்குள் இருக்கிற கத்திக்குப் பிடி ஊதாதே!

புத்தகக் கண்காட்சியிலிருந்து பை பையாகக் கொண்டுவந்து, அலமாரியைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் "பாவம், கத்திக்காரன்" என்று சிரிக்க வேண்டாம். உங்கள் பெட்டியும் என் பெட்டியும் ஒன்றுதான்.

ஆசை போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். இப்போதும் ஒரு தளத்தின் கார்ட்டில் ஒன்று கிடக்கிறது. வாங்கவில்லை, நீக்கவும் மனசு வரவில்லை. ஆனால் 8-ஆம் எண் தவிர மற்ற பத்தையும் கொடுத்துவிடுவதாக இருக்கிறேன். விலை வேண்டாம். வாங்கிக்கொள்கிறவர் தினமும் அதில் எதையாவது நறுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆடுமாடுகளுக்குக் காயடிக்கிறவர் யாராவது வந்தால் ஸ்டாக்மேன் மூன்றும் அவருக்கே.