சட்டை மாற்ற ஜாதகம் எதற்கு?

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரர்களுக்கு இரண்டு வேலைகள் வந்து சேரும். ஒன்று, வெளியூர் உறவினர்களைக் குற்றாலத்துக்கு அழைத்துச் செல்வது. மற்றொன்று, அவர்களோடு கடை கடையாக ஏறி இறங்குவது. பேரருவியில் நனைந்தவர்களுக்கு மாற்றுத் துணி வேண்டும். ஐந்தருவிக்குப் போனவர்களுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் வேண்டும். எனக்கோ கடந்த இரு சீசன்களாக மூன்றாவது வேலை ஒன்றும் உண்டு. மாலையில் கல்லூரி விட்டதும் தென்காசியில் ஓர் ஆயத்த ஆடைக் கடையில் பில் போடும் இடத்தில் உட்காருவேன். கடையின் பெயர் வேண்டாம். அங்கே வாங்கிய சம்பளத்துக்கு அந்த மரியாதையாவது செய்ய வேண்டாமா?

முதல் நாள் எனக்குக் கற்பிக்கப்பட்ட பாடம் ஒன்றே ஒன்றுதான். “நம்பர் வாங்காம பில் போடாதே தம்பி.” வாங்குபவரின் செல்பேசி எண்ணை நிரப்பாவிட்டால் கணிப்பொறி அடுத்த கட்டத்துக்கு நகராது. தர மறுத்தவர்களுக்காக நான் பத்து ஒன்பதுகளை அழுத்திவிடுவேன். மாதக் கடைசியில் முதலாளி அந்த ஒன்பதுகளைக் கண்டுபிடித்துத் திட்டுவார். வணிகவியல் மாணவனாகிய எனக்குக் கணக்குப் பதிவியலில் கிடைத்த முதல் அனுபவம் அதுவே!

வாங்கிய துணியைத் திருப்பிக் கொடுக்க வருவோரின் பாடு இதனினும் கடினம். பில் மட்டும் போதாது. பெயர், ஊர், எண், இவற்றோடு ஆதார் அட்டையின் நகலும் வேண்டும். வாங்கிக் கோப்பில் சொருகுவது என் வேலை.

ஆடி முதல் வாரம் இலஞ்சியிலிருந்து ஓர் ஆச்சி வந்தார். பேரனுக்கு எடுத்த சட்டையில் கக்கத்துத் தையல் விட்டிருந்தது. பில்லை முந்தானையில் முடிந்து பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்.

“ஆதார் நகல் வேணும் ஆச்சி. போன் நம்பரும் சொல்லுங்க” என்றேன்.

“பில்லு இருக்கு, சட்டையும் இருக்கு. பெறகு நான் யாருன்னு ஒனக்கு எதுக்குய்யா?”

நண்பர்களே, மூன்றாண்டுகள் வணிகவியல் படித்தும் அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. “ரூல்ஸ் ஆச்சி” என்றேன். அவருக்குச் சொந்தமாகப் போன் இல்லை. அட்டை வீட்டில் இருந்தது. “பஸ்ஸுக்குக் காசில்லதான், முழங்காலுக்கு வலியிருக்கே” என்று சொல்லிவிட்டுச் சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அதன்பின் வரவே இல்லை. சட்டையின் விலை 350 ரூபாய்.

முதலாளியின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. விலைச்சீட்டைக் கிழிக்காமல் கல்யாணத்துக்கு உடுத்திவிட்டு, மறுநாள் மஞ்சள் கறையோடு பட்டைத் திருப்பித் தர வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஒரு கடையில் எடுத்ததை இன்னொரு கடையில் தள்ளப் பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் அந்த ஏமாற்று வேலையைப் பிடித்துக் கொடுத்தவை எவை? பில்லின் எண்ணும், துணியின் நிலையும், பார்க்கத் தெரிந்த கண்ணுமே. ஆதார் நகல் எந்தக் கறையையும் காட்டிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த நகல்கள் பின்னர் என்ன ஆயின? சீசன் முடிந்து கடையைச் சுத்தம் செய்தபோது பழைய பேப்பர் கடைக்குப் போயின. கட்டைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனவன் நான்தான். எத்தனை பேருடைய முகம், பிறந்த தேதி, வீட்டு முகவரி! தராசில் எல்லாம் ஒரே விலை.

இதை ஒரு பேராசிரியரிடம் கூறியபோது, “உங்கள் தெரு அண்ணாச்சி கடையிலும் நோட்டு இருக்கிறதே, அவருக்குத் தெரியாத சங்கதியா?” என்று வினவினார். நல்ல வினா. எங்கள் அண்ணாச்சிக்கு எங்கள் வீட்டுக் கடனும் தெரியும், யாருக்குச் சர்க்கரை நோய் என்பதும் தெரியும். ஆனால் அவர் வீட்டுச் செய்தியும் எங்களுக்குத் தெரியுமே! அவர் வாய் தவறினால் மறுநாள் காலையில் அம்மா போய்க் கேட்டுவிடுவார். கணிப்பொறிக்குள் போன எண்ணைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது? என் தங்கை ஒரு கடையில் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்த வாரம், முன்பின் அறியாத ஒருவன் இரவு பதினொரு மணிக்கு “சாப்பிட்டாச்சா?” என்று செய்தி அனுப்பினான். அந்தக் கடையிலிருந்துதான் எண் போயிற்று என்று எங்களால் நிரூபிக்க இயலாது. அன்று முதல் எங்கே கேட்டாலும் அவள் அப்பாவின் எண்ணையே சொல்லுகிறாள். இம்மலரைப் படிக்கும் சகோதரிகளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று நூலகத்தில் தேடினேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக முறை. அடையாள அட்டை என்ற சொல்லே அவ்விடத்தில் இல்லை. வாங்குபவர் நம்பிக் கொடுத்த சொந்தத் தகவலைச் சட்ட அனுமதியின்றிப் பிறருக்கு வெளியிடுவதும் அதே பட்டியலில் இருக்கிறது. தனிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பேரில் ஆதாரைப் பயன்படுத்த இடமளித்த பகுதி 2018 செப்டம்பரில் செல்லாததாயிற்று. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பில் போடச் செல்பேசி எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சில்லறை வணிகர்களுக்கு அறிவுரை அனுப்பியது. அதே ஆண்டு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஒரு பெண் மருந்துக் கடையில் தானே விரும்பி எண்ணைக் கொடுத்து, ரசீதை அனுப்பச் சொல்கிறாள். கடைக்காரர் அந்த எண்ணை ரசீது அனுப்புவதற்குப் பயன்படுத்தலாம். ‘தானே விரும்பி’ என்பதைக் கவனியுங்கள்.

எல்லா இடத்திலும் பெயரை மறைக்கலாம் என்று நான் கூற வரவில்லை. எச்1 அட்டவணை மருந்து விற்றால் நோயாளியின் பெயரைப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் நகை எடுத்தால் பான் எண் கேட்பார்கள். அவற்றுக்கெல்லாம் காரணம் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. 350 ரூபாய்ச் சட்டைக்கு என்ன காரணம்?

அமெரிக்காவிலும் இந்தத் தொல்லை உண்டு. அங்கே பொருளைத் திருப்பித் தருவோரின் ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பதிவு செய்து, யார் எத்தனை முறை திருப்பினார் என்று கணக்கு வைப்பதற்கென்றே ஒரு நிறுவனம் இயங்குகிறது. ஆனால் அதே நாட்டின் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2011இல், கடன் அட்டையில் பணம் செலுத்துபவரிடம் அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கேட்டுப் பதிவதுகூடத் தவறு என்றது. நம் தென்காசியின் 627811 போன்றதோர் எண், அவ்வளவுதான்! அதைப் பெயரோடு சேர்த்தே அக்கடை வாடிக்கையாளரின் வீட்டு முகவரியைக் கண்டுபிடித்ததாம்.

இவ்வாண்டுச் சீசனுக்கும் முதலாளி என்னை அழைத்திருக்கிறார். சென்ற வாரம் போய்ப் பார்த்தேன். பில் உள்ளவரிடம் அட்டை கேட்க வேண்டாம் என்றும், எண் இல்லாமலும் பில் வரும்படி கணிப்பொறியை மாற்ற வேண்டும் என்றும் கேட்டேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைச் சுவரில் எழுதி வைக்கலாமா என்றும் கேட்டேன். மூன்றாவதற்குச் சிரித்துவிட்டார். இரண்டாவதற்கு, மென்பொருள்காரனைக் கேட்க வேண்டும் என்றார். முதலாவதற்குச் சற்று நேரம் பேசாமல் இருந்து, “பில்லு இருந்தா சரி, விடு” என்றார்.

இலஞ்சி ஆச்சியின் வீடு எது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.